பார்வைக்கு வச்ச புறா

பிளாஸ்டிக் புறாவா? எடுங்க, பாப்போம். அடேயப்பா! மூக்கு, கண்ணு, கழுத்துல பச்சைச் சாயம், ஒண்ணு விடாமப் பண்ணியிருக்கானே. ஆன்லைன்ல வாங்கினதா? சரிதான். இதைச் சூரியகாந்திக் காட்டுல நட்டு வச்சா புறா பூராம் இங்க இறங்கும், உக்காந்து சுட்டுரலாம்னு நினைச்சீங்க. அது உங்க தலைக்கு மேலயே பறந்து பக்கத்துக் காட்டுல போய் மேஞ்சுட்டுப் போயிருச்சு. எப்படி அண்ணாச்சி இறங்கும்? வெயில்ல இது எண்ணெய் தேச்ச மொட்டைத்தலை மாதிரி மின்னுது. மேல போன புறா இதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போயிருக்கும்.

கோவிச்சுக்கிடாதீங்க. நான் பேசுறதே இப்படித்தான். அருப்புக்கோட்டையிலருந்து இம்புட்டு தூரம் என்னை விசாரிச்சு வந்திருக்கீங்க, உக்காருங்க. காப்பி போடச் சொல்றேன். கனி! ரெண்டு காப்பி! சண்முகக்கனி, என் வீட்டுக்காரி. காலு கொஞ்சம் சரியில்ல, மெதுவாத்தான் வருவா.

பழைய முறை இந்தக் காலத்துலயும் பலிக்குமான்னு கேக்குறீங்க. பலிக்கும். ஏன் பலிக்காது? புறா என்ன காலேஜுக்குப் போய்ப் படிச்சுட்டா வந்திருக்கு? வயிறு அதே வயிறுதான். கூட்டத்துல ஒண்ணு இறங்குனா கூடவே இறங்குற புத்தியும் அதேதான். நீங்க வச்ச விதம் தப்பு. துப்பாக்கி இப்போ எங்கிட்ட இல்ல, அதை முதல்லயே சொல்லிர்றேன். எங்க அய்யா காலத்துல பயிர்க்காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்குனது. எலெக்சனுக்கு ஸ்டேசன்ல ஒப்படைச்சேன், புதுப்பிக்கல, அங்கயே கிடக்கு. அந்தச் சட்டம் கிட்டம் எல்லாம் நீங்க விசாரிச்சுக்கிடுங்க. ஆனா சுடுறது பெரிசில்ல அண்ணாச்சி. எவன் வேணா சுடுவான். இறக்குறதுதான் வேலை.

முதல்ல தடம் பாக்கணும். எங்க ஊர்ல பாழுங்கிணறு நிறைய. அந்தப் பொந்துலதான் புறா அடையும். விடிஞ்சதும் கிளம்பும். ஒரே தடத்துல போகும், ஒரே தடத்துல வரும், நம்ம சனங்க வேலைக்குப் போற மாதிரி. அந்தத் தடத்துக்குக் கீழதான் வைக்கணும். ஒதுங்கி வச்சீங்கன்னா தங்கத்துல புறா செஞ்சு வச்சாலும் பிரயோசனமில்ல.

அப்புறம் காத்து. புறா காத்துக்கு எதிர்முகமாத்தான் இறங்கும். அதனால நம்ம வைக்கிறது எல்லாம் காத்தைப் பாத்து உக்காந்திருக்கணும். செத்த புறாவை வச்சா தாடைக்குக் கீழ ஒரு குச்சியைக் குடுத்துத் தலையை நிமித்தணும். நீங்க எப்படி வச்சீங்க? வரிசையாவா? புறா என்ன பந்தியிலயா உக்காருது? அங்க ரெண்டு, இங்க மூணுன்னு கலைஞ்சு இருக்கணும். நடுவுல இடம் விடணும். இதை நல்லா மனசுல வச்சிக்கிடுங்க. வர்றதுக்கு இறங்க ஒரு இடம் காலியா இருக்கணும். நமக்குன்னு ஒரு இடம் விட்டு வச்சிருக்காங்கன்னு அதுக்குத் தோணணும்.

இது எல்லாத்தையும்விட முக்கியம் உயிர்ப் புறா. அதைத்தான் பார்வைப் புறான்னு சொல்லுவோம். மத்த புறா பாத்து இறங்குறதுக்காக வைக்கிறது. காலுல நூலைக் கட்டி ஒரு குச்சி மேல உக்கார வச்சிருவோம். காஞ்ச பருத்திச் செடி, அந்தப் பருத்திமாரை அடுக்கி மறைப்பு ஒண்ணு கட்டி நம்ம உள்ள உக்காந்துக்கிடணும். நூலு நுனி நம்ம கையில. மேல கூட்டம் தெரிஞ்சதும் லேசா ஒரு இழுப்பு. அது செறகை அடிச்சு நிதானிக்கும். மேல போறதுக்கு, இப்பத்தான் நம்ம ஆள் ஒண்ணு இறங்குதுன்னு படும். வயிறு நிறைய இரை போட்டு வைக்கணும் அண்ணாச்சி. பசியில தவிக்கிறதைப் பாத்தா எதுவும் கிட்ட வராது. அது சந்தோசமா இருக்கிற மாதிரி தெரியணும்.

அப்புறம் கண்ணு. கண்ணைத் தைக்கணும்.

மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கறி திங்கிறவங்கதான நீங்க? மேல் ரெப்பையும் கீழ் ரெப்பையும் சேத்து ஒரு தையல், அவ்வளவுதான். வேலை முடிஞ்சா பிரிச்சுரலாம். ஏன் தைக்கிறோம்னு கேளுங்க. கண்ணு தெரிஞ்சா அது காட்டைப் பாக்காது, மறைப்பைத்தான் பாக்கும். உள்ள ஒருத்தன் இருக்கான்னு அதுக்குத் தெரியும்ல? தலையைத் திருப்பித் திருப்பி நம்மளையே பாக்கும். மேல வர்ற கூட்டம் இது எங்க பாக்குதுன்னு பாக்கும். பிறகு ஒரு வளைசல்தான், வந்த வழியே போயிரும்.

இந்தா, காப்பி வந்திருச்சு. அங்க வச்சிட்டுப் போ கனி. பாத்தீங்களா, உங்க பொம்மையைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறா. முன்னயெல்லாம் இப்படி இல்ல. கல்யாணமான புதுசுல இவ வாயடிக்கிறது ரோடு வரைக்கும் கேக்கும். எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவா. இப்ப அந்தக் குறையெல்லாம் இல்ல.

அந்தக் கண்ணுத் தையல்லதான் எங்களுக்குள்ள தகராறே வந்துச்சு. ஊசி கேட்டா தரமாட்டா. ஒளிச்சு வச்சிருவா. நான் கடையில வாங்கிட்டு வந்து தைப்பேன். ஒரு நாள் நான் விளாத்திகுளம் வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ள, கத்திரிக்கோலை எடுத்துப் பார்வைப் புறாவோட கண்ணைப் பிரிச்சு, கால் நூலையும் அறுத்து, சுவர் மேல தூக்கி விட்டுட்டா. நான் வந்து பாக்கும்போது அது சுவர்லதான் உக்காந்திருக்கு. போகல. முழிச்சு முழிச்சுப் பாக்குது. இவ கீழ நின்னு அழுறா. "போகத் தெரியலையே இதுக்கு, போகவே தெரியலையே"ன்னு ஒரே ஒப்பாரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு சீசன் பூராம் கஷ்டப்பட்டுப் பழக்குன பொட்டைப் புறா. அடிச்சேன். நீங்களா இருந்தாலும் அடிச்சிருப்பீங்க. ரெண்டு அறை. கூடக்கொறைய இருந்திருக்கலாம், கோவத்துல யாரு எண்ணிக்கிட்டிருப்பா?

மறுநாள் காலையில அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. இந்தா, இதே ரோட்டுல கிழக்காமப் போனா அடுத்த ஊர்தான் அவ பிறந்த ஊர். அவ அண்ணன் பேரு கொம்பையா. பெரிய யோக்கியன் மாதிரி பேசுவான். எங்களுக்கு ஒரே பிள்ளை, தங்கமாரி. அப்போ ஒண்ணாங் கிளாஸ். அவ பள்ளிக்கூடத்துல இருந்தா. மத்தியானம் போய் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிரலாம்னு இவ திட்டம் போட்டிருக்கா. நான் விடுவேனா? முந்திக்கிட்டேன். மணியடிக்கிறதுக்கு முன்னாலயே வாத்தியார்கிட்டச் சொல்லிட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கொம்பையா ரெண்டு பெரிய மனுசங்களைக் கூட்டிட்டு வந்தான். "மச்சான், பிள்ளையை அனுப்புங்க, அது அம்மாவைத் தேடும்"னான். நான் துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். சும்மாதான் துடைச்சேன், யாரு மேலயும் நீட்டல. "என் பிள்ளை என் வீட்ல இருக்கும், உன் தங்கச்சி வேணும்னா வரட்டும்"னேன். அந்தப் பெரிய மனுசங்க துப்பாக்கியைப் பாத்தாங்க, செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க. கொம்பையா மட்டும் போலீசுக்குப் போவேன்னு கத்திட்டுப் போனான். போகல. போனா தங்கச்சி வாழ்க்கை கெட்டுப்போயிரும்னு நாலு பேரு சொல்லியிருப்பாங்க, எல்லாக் குடும்பத்துலயும் சொல்றதுதான்.

இவ அங்கருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. எங்க பக்கம் ரோடு ஒண்ணுதான். ஆபீஸ் பஸ் தினமும் காலையில நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் போகணும். இவ ஜன்னலோரமா உக்காந்து போறதை நான் பாத்தேன். தடம் தெரிஞ்சுபோச்சு.

இனிச் சொல்லணுமா? புறாவை விடுங்க அண்ணாச்சி, மனுசருக்கே பலிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

பிள்ளையைக் காலையில குளிப்பாட்டுவேன். பவுடர் போட்டு, பொட்டு வச்சு, ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டுவேன். ஆம்பளை கையால ஜடை பின்னுறது என்ன லேசா? ஆனா பழகிக்கிட்டேன். இட்லி வாங்கிட்டு வந்து வயிறு நிறைய ஊட்டிவிடுவேன். கூட்டிட்டுப் போய் ரோட்டோரம் கல்லுல உக்கார வைப்பேன். பக்கத்துல இன்னொரு கல்லு, அது காலியாக் கிடக்கும். அழக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அழுற பிள்ளையைப் பாத்தா, பிள்ளையைக் கொடுமைப்படுத்துறான்னு ஊரைக் கூட்டுவா. சிரிச்ச மாதிரி இருந்தா, நம்ம இல்லாமயே பிள்ளை சந்தோசமா இருக்கேன்னு மனசு அடிச்சுக்கிடும். அதுதான் இறக்கும்.

முதல் நாள் பஸ்ஸைப் பாத்ததும் மாரி எந்திரிச்சு ஓடப் பாத்தா. சக்கரத்துல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் கண்டிச்சு வச்சேன். "தாயி, அப்பா வந்து தொடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது. ரோட்டைத்தான் பாக்கணும்." சொன்னாக் கேட்டுக்கிட்டா. தங்கமான பிள்ளை அண்ணாச்சி. அப்புறம் அவ உக்காந்தா உக்காந்ததுதான். காலுகிட்ட மைனா வந்து மேயும், அசைய மாட்டா. நான் வாசக் கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டிருப்பேன்.

ஒரு நாள் கேட்டா. "அப்பா, அந்தப் புறாவுக்குத் தெரியுமா?"ன்னா. எந்தப் புறாவுக்கு, என்ன தெரியுமான்னு கேட்டேன். "குச்சி மேல உக்காந்திருக்குமே அதுக்கு. தன்னைப் பாத்துத்தான் மத்ததெல்லாம் வருதுன்னு அதுக்குத் தெரியுமா?" எனக்குச் சிரிப்பாணி வந்துருச்சு. கண்ணைத் தச்சிருக்குல்ல, அதுக்கு எப்படித் தெரியும்னேன். ரிப்பனைக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா.

கனி முதல்ல தலையை வெளிய நீட்டிப் பாத்துக்கிட்டே போவா. பிறகு அந்தப் பக்கத்து சீட்டுக்கு மாறிட்டா. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, இன்னும் கொஞ்ச நாள்தான்னு. பாக்க மாட்டேன்னு முடிவு பண்ணுன பறவைக்குக் கழுத்து தன்னால திரும்பும். பஸ்ல போற மத்த பொம்பளைங்க முறுக்கு, கடலை மிட்டாய்னு ஜன்னல் வழியாப் பிள்ளைகிட்ட எறிவாங்க. மாரி எடுக்க மாட்டா. நான் போய்த் தொடணும்ல?

கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் இந்தப் பக்க ஜன்னலுக்கே வந்துட்டா. ஒரு நாள் நல்ல மழை. பிள்ளையை உள்ள கூப்பிடணும்னுதான் நினைச்சேன். பஸ் சத்தம் கேட்டுருச்சு. சரி, இன்னும் கொஞ்சம் பொறுப்போம்னு இருந்துட்டேன். ரிப்பன்லருந்து தண்ணி சொட்டுது, பிள்ளை அப்படியே ரோட்டைப் பாத்து உக்காந்திருக்கு. பஸ் கொஞ்சம் தூரம் போய் நின்னுச்சு. இறங்கிட்டா.

அந்த நேரத்துலதான் அண்ணாச்சி நிறையப் பேரு கெடுத்துக்கிடுவாங்க. இறங்குச்சேன்னு சந்தோசத்துல எந்திரிச்சா போச்சு. தரையில காலு வச்சு, ரெண்டு எட்டு நடந்து, இது நம்ம இடம்தான்னு அதுக்கு நம்பிக்கை வரணும். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவ ரோட்டுலயே நின்னு, "மாரி! ஓடியா! அம்மாகிட்ட ஓடியா!"ன்னு கூப்பிடுறா. பஸ் கதவு திறந்தே இருக்கு. பிள்ளை ஒரு ஓட்டம் ஓடியிருந்தா ரெண்டு பேரும் ஏறிப் போயிருக்கலாம்.

பிள்ளை ஓடல. திரும்பி வீட்டைப் பாத்துச்சு.

அத்தனை நாள்ல அது ஒரு தடவைதான் திரும்புச்சு. அவ பாத்த பக்கம் இவளும் பாத்தா. கதவு இடுக்குல என் கண்ணு நேரா இவ கண்ணுல பட்டுருச்சு. சரி, கெட்டுது காரியம்னு நினைச்சேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு, ஏறிப் போயிருவான்னு நினைச்சேன். ஆனா வந்தா அண்ணாச்சி. என்னைப் பாத்துக்கிட்டேதான் வந்தா. மழையில மெதுவா நடந்து வந்து அந்தக் காலிக் கல்லுல உக்காந்து, பிள்ளை தலையை முந்தானையால துவட்டுனா. இன்னைக்கு வரைக்கும் எனக்கு இது பிடிபடல. மறைப்புக்குள்ள ஆள் இருக்கான்னு தெரிஞ்சும் இறங்குன புறாவை என் வாழ்நாள்ல நான் கண்டதில்ல.

அப்புறம் என்ன, போய் ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டு வந்து வாசல் இரும்புக் கேட்டை இழுத்தேன். அதுல இவ காலு மாட்டிக்கிச்சு. தானா நடந்ததுதான். எலும்பு சரியாக் கூடல. கொஞ்ச நாளைக்குச் சாவி எங்கிட்டயே இருந்துச்சு, பழகுற வரைக்கும். பிறகு தேவைப்படல. இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போவா? நானும் குறை வைக்கல. மருந்து வாங்கிக் குடுத்தேன், பொங்கல் தீவாளிக்குச் சேலை எடுத்துக் குடுக்குறேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்ககிட்ட நல்லாத்தான் பேசுறா. எங்கிட்டதான் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு"ங்கிறதோட சரி. குடும்பம்னா அப்படித்தான். பலிச்சுச்சா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

ஏன் தம்ளரைக் கீழ வச்சிட்டீங்க? காப்பியைக் குடிங்க, ஆறிப்போகுது.

ஒண்ணுதான் எனக்கு மனசுல கிடந்து அறுக்குது. அம்மாதான் வந்துட்டாளே, அதோட விட்டுரணும்ல பிள்ளை? மறுநாள் காலையில தானா எந்திரிச்சு, தானாப் பொட்டு வச்சுக்கிட்டு, போய் அதே கல்லுல உக்காந்துட்டா. "ஏ தாயி, போதும், எந்திரி"ன்னு கூப்பிட்டேன். எந்திரிக்கல. போய்த் தொட்டேன். அப்பவும் எந்திரிக்கல. பஸ் போனப்புறம்தான் எந்திரிச்சு வந்தா. தினமும் இதே கதை. பெரிய பள்ளிக்கூடம் போன பிறகும், பாவாடை தாவணி போட்ட பிறகும் காலையில கொஞ்ச நேரம் அங்க உக்காராம இருக்க மாட்டா. ஆனா அம்மா வந்தப்புறம் ரோட்டைப் பாக்க மாட்டா. வீட்டைப் பாத்து உக்காருவா. வாசக் கதவைப் பாத்து. நான் உள்ள எங்க நின்னாலும் அந்த இடத்தை நேராப் பாப்பா. கதவைச் சாத்துனாலும் சாத்துன கதவுல சரியா என் கண்ணு இருக்கிற உயரத்தைப் பாப்பா. பெத்த பிள்ளையைப் பாத்து பயம்னு சொன்னா சிரிப்பீங்க. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் புறா பிடிக்கிறதையே விட்டுட்டேன். ஊசியைக் கையால தொடுறதே இல்ல.

ஒரு சத்தம் கேக்குதா உங்களுக்கு? உள்ளருந்து. புறா குமுறுற மாதிரி. இல்லையா? சரி, விடுங்க. வீட்ல புறா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, வளத்தே வருசம் ஆச்சு. மத்தியானத்துல எனக்கு மட்டும் அப்பப்பக் கேக்கும். போய்ப் பாத்தா இவ அரிசி புடைச்சுக்கிட்டிருப்பா. நீ கேட்டியான்னா நிமிந்துகூடப் பாக்க மாட்டா.

மாரி பிளஸ் டூ முடிச்ச வருசம் மாமன் ஊர்க் கோயில் கொடைக்குப் போனா. போனவ வரல. அங்கயே இருந்துக்கிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போறா. கொம்பையா வேலைதான் எல்லாம், பிள்ளை மனசைக் கெடுத்து வச்சிருக்கான். இப்போ கல்யாணம் வேற முடிவு பண்ணியிருக்காங்களாம். ஆவணியிலயாம். பத்திரிகையில என் பேரைப் போட வேண்டாம்னு அவளே சொன்னாளாம். பெத்த அப்பன் அண்ணாச்சி! ஜடை பின்னி விட்ட கை இது. ஊர்ல எவன் மூஞ்சியில நான் முழிக்கிறது? டீக்கடையில உக்காந்தா, "மகளுக்குக் கல்யாணமாமே, எப்ப சாப்பாடு?"ன்னு வேணும்னே கேக்குறானுங்க. எனக்குச் சாப்பாடே இறங்குறதில்ல.

ஒரே ஒரு தடவை அவ இந்த வீட்டுக்குள்ள வந்துரணும். ஆவணிக்கு முன்னால வந்துரணும். உள்ள வந்துட்டாப் போதும், பிறகு நான் பாத்துக்கிடுவேன்.

மில் வேனும் இந்த ரோட்டுலதான் வரணும். வேற தடம் கிடையாது. சாயங்காலம் வேலை முடிஞ்சு கிழக்காமப் போகும். அதான் கனியை ரோட்டோரம் உக்கார வைக்கிறேன். கல்லு தாங்காது, கால் வலிக்காரி, அதனால நாற்காலி. பக்கத்துல இன்னொரு நாற்காலி காலியா. முதல்ல, மாட்டேன்னு தலையை ஆட்டுனா. ஒரு வாரம் மல்லுக்கட்டுனேன். பிறகு என்ன நினைச்சாளோ, ஒரு நாள் தானாப் போய் உக்காந்துட்டா. இப்ப நான் சொல்லவே வேண்டாம். மூணு மணிக்கெல்லாம் தலை சீவி, பூ வச்சு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டுத் தயாரா இருப்பா. அந்த நேரத்துக்கு அவ முகம் பளிச்சுன்னு இருக்கும், கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி. சந்தோசமாத் தெரியணும்னு நான் சொன்னதை எவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிட்டிருக்கா பாருங்க.

ஆனா மாரி இறங்க மாட்டேங்கிறா. சித்திரையிலருந்து உக்கார வைக்கிறேன், இறங்க மாட்டேங்கிறா. யோசிச்சுப் பாத்தா காரணம் தெரியுது. அவ பார்வைக்கு இருந்த பிள்ளை. பார்வைக்கு இருந்த புறா தப்பிச்சுக் கூட்டத்துல சேந்துட்டா அது இறங்காது, கூட வர்றதையும் இறங்க விடாது. எங்க அய்யா சொல்லுவாரு, அப்படி ஒண்ணு போயிட்டா அந்த வருசம் காட்டையே மாத்தணும்பாரு. நான் காட்டை எங்க மாத்துறது? அதான் உங்ககிட்டயும் நிச்சயமாச் சொல்ல முடியல. உங்க சூரியகாந்திக் காட்டுக்கு வர்றது புதுப் புறாவா இருந்தா கட்டாயம் பலிக்கும். ஏற்கெனவே எவன்கிட்டயாவது பட்டுத் தப்பிச்ச புறாவா இருந்தா நீங்க என்ன செஞ்சும் கஷ்டம்தான்.

இருங்க. ஹாரன் சத்தம். வேன்தான்.

உங்க பைக்கை ஒரு எட்டு இங்குட்டுத் தள்ளிரலாமா? அது கனி நாற்காலியை மறைக்குது. வேண்டாம், இப்ப எந்திரிக்காதீங்க, உக்காருங்க, நேரமாயிருச்சு. இந்தத் தூணுக்குப் பின்னால வாங்க. பேசாதீங்க. கனி உக்காந்துட்டாளா? உக்காந்துட்டா. காத்து இன்னைக்கு நல்ல பக்கமா அடிக்குது.

அந்தா வருது பாருங்க, மஞ்ச வேன். டிரைவர் இந்த இடத்துக்கு வந்ததும் தினமும் மெதுவாக்குவான், ஏன்னு தெரியல. அந்தக் கடைசி ஜன்னல்தான். தெரியுதா? கண்ணாடியில உள்ளங்கையை வச்சுக்கிட்டிருக்காளே, அதுதான் மாரி. எப்படி வளந்துட்டா பாருங்க. அம்மாவைத்தான் பாக்குறா. கண் கொட்டாமப் பாக்குறா. இன்னைக்கு இறங்கிருவா அண்ணாச்சி, எனக்குத் தோணுது, இன்னைக்கு இறங்கிருவா. வேன் நிக்கப் போகுது. கனி கையைத் தூக்குறா பாருங்க.

ச்சே.

போயிருச்சு. நிக்காமப் போயிருச்சு.

எல்லாம் இவளாலதான். பாத்தீங்கள்ல? இவளுக்குக் கூப்பிடவே தெரியல. கையை மடக்கி உள்ள வா, உள்ள வான்னுல்ல ஆட்டணும்? இவ வெளியதான் தள்ளுறா, விதைச்ச காட்டுல புறாவை விரட்டுற மாதிரி. தினமும் இப்படித்தான் பண்றா. நான் பக்கத்துல நின்னு எத்தனையோ தடவை கையைப் பிடிச்சுக் காட்டிக் குடுத்துட்டேன். சரின்னு தலையை ஆட்டுவா, வேன் வந்ததும் மறந்துருவா. வேன் போனப்புறம் பாருங்க, அந்தத் திருப்பத்துல மறையிற வரைக்கும் பாத்துட்டு, தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கா. பிள்ளை இறங்காமப் போறாளேன்னு ஒரு பொட்டு வருத்தம் இல்ல.

நீங்க போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி. எப்படிக் கூப்பிடணும்னு கையைக் காட்டிச் சொல்லுங்க. வெளி ஆள் சொன்னா கேட்டுக்கிடுவா.